நடு பேக்கின் இரண்டு சொற்கள்

1943ஆம் ஆண்டு ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் 2603 என்று ஜப்பானிய ஆண்டையும் எழுதியிருக்கிறேன். ஜப்பான்காரர் மலாயாவை ஆண்ட காலம், அப்போது அதுதான் முறை. டோக்கியோ நேரப்படி காலை ஏழரைக்கு எழுந்தேன். பழைய நேரத்தில் அது ஆறு மணி. கிணற்றடியில் குளித்துவிட்டு அவித்த மரவள்ளிக் கிழங்கு நான்கு துண்டு சாப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் கிழங்குப் பாத்தியில் ஒரு மணி நேரம் களை எடுத்தேன். சவர்க்காரம் கிடைக்காத காலம். ஆட்டச் சட்டையைச் சாம்பல் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டேன். இடது பூட்ஸின் அடியில் கழன்றிருந்த தோல் கட்டையைப் பழைய ஆணி ஒன்றை நிமிர்த்தி அடித்துப் பொருத்தினேன். எல்லாம் முடியும்போது மணி பத்தரை. மற்ற ஞாயிறுகளில் இதற்குப் பிறகு ஒரு தூக்கம் போடுவேன். அன்று தூக்கம் வரவில்லை. மாலை ஆறரைக்குக் கால்பந்து ஆட்டம்.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. பினாங்கில் டத்தோ கிராமாட்டில் வீடு. சாலைகளையும் பாலங்களையும் பழுது பார்க்கும் இலாகா ஒன்றில் குமாஸ்தா. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் ஆறு நாள் எழுத்து வேலை. ஏழாம் நாள் எங்கள் இலாகா அணிக்கு நடு பேக்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஆடத் தொடங்கிய காலத்தில் ஓர் அணிக்குப் பின்னால் நின்று தடுப்பவர்கள் இரண்டு பேக்தான். சென்டர் ஹாஃப் என்பவன் மைதானத்தின் நடுவில் இஷ்டப்படி திரிவான். முன்னாலும் போவான், கோலும் போடுவான், பெண்கள் கூட அவன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் திரிந்தேன். சண்டைக்கு முந்திய ஓரிரு வருடங்களில் எங்கள் ஊர் அணிகள் அவனைப் பின்னால் இழுத்து, இரண்டு பேக்குக்கும் நடுவில் நிறுத்தின. பலர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரே மாதத்தில் அது பிடித்துப்போயிற்று. ஆட்டம் முழுவதும் கண் முன்னால் விரிந்து கிடக்கும் இடம் மைதானத்தில் அது ஒன்றுதான்.

நல்ல நடு பேக் முரடனாக இருக்க வேண்டும் என்று வேலியோரம் நிற்பவர்கள் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பந்தைப் பறிக்க அவசரப்பட்டு ஓடுகிறவன் அந்த இடத்துக்கு ஆகமாட்டான். அவன் ஓடிவிட்டால் அவன் விட்டுப்போன இடத்தை அடைக்க அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இல்லை. ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை தரையில் விழுந்து பந்தைத் தடுத்தேன் என்று எண்ணி அன்றே நாட்குறிப்பில் எழுதுவேன். எண்ணிக்கை குறைவாக இருந்தால் நன்றாக ஆடியிருக்கிறேன் என்று பொருள். முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றவனுக்கு விழ வேண்டிய தேவை வராது. அத்துடன், முன்னால் பந்தைப் பார்த்தபடியே, மூச்சுக்கு ஒரு தரம் தோளுக்கு மேலாகத் திரும்பி கோல் காக்கும் கோலி எங்கே, இரண்டு பேக்கும் எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதை நான் தெருவில் நடக்கும்போதே பழகினேன். பின்னால் வரும் ரிக்‌ஷாவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் குரல் வேண்டும். அந்த ஒன்றில்தான் நான் தவறினேன்.

முந்திய ஞாயிறு, ஜூலை 4. துறைமுகத்து ஆட்கள் சேர்ந்து அமைத்த அணியோடு ஆட்டம். எங்கள் ஜப்பானிய மேலதிகாரி கால்பந்துப் பிரியர். நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் எங்கள் கேப்டனைக் கூப்பிட்டு, மைதானத்தில் இங்கிலீஷ் காதில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்கோ பள்ளிக்கூட நாள் முதல் ‘லீவ் இட்’, ‘மைன்’, ‘கிளியர்’ என்று கத்தித்தான் பழக்கம். வாயை மூடிக்கொண்டு ஆடினோம். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயரத்திலிருந்து எங்கள் இடது பேக்குக்கும் கோலிக்கும் நடுவில் இறங்கியது. இடது பேக் எங்கள் இலாகாவில் நாள்கூலிக்குத் தார் ஊற்றுகிறவர், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வெறுங்காலால் ஆடுவார். கோலி என்னைப் போல யாழ்ப்பாணக் குடும்பத்துக் குமாஸ்தா. பந்தைப் பிடிக்க ஓடி வந்த கோலி, “விடு! விடு!” என்று கத்தினார். இடது பேக் காலை ஓங்கி ஓர் உதை விட்டார். முன்னால் பாய்ந்த கோலியின் நெஞ்சில் பந்து மோதி, அவரைக் கீழே தள்ளிவிட்டு, துறைமுக அணிக்காரர் ஒருவரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைக் காலியான கோலுக்குள் மெதுவாக உருட்டிவிட்டார்.

கோலி நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்தார். “நான் விடு விடு எண்டு தொண்டை கிழியக் கத்திறன், இவன் என்ர நெஞ்சுக்கே அடிக்கிறான்!”

“விடுன்னீங்க, கிராணி. விட்டேன்!” என்றார் இடது பேக். குமாஸ்தாக்களைக் கூலிக்காரர்கள் கிராணி என்று கூப்பிடுவது மலாயா வழக்கம்.

வேலியோரம் நின்ற கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. அவர் சொன்னது பொய்யில்லை. தோட்டத்து அணியில் ‘ஒன்னு விடு’ என்றால் ஓங்கி உதை என்றுதான் பொருள். கோலியின் வீட்டில் ‘விடு’ என்றால் கையை எடு. இருவரும் தமிழர்தான், இருவரும் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார்கள். பத்தடி தள்ளி நின்ற நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் சொல்லை விழுங்கிவிட்டு, அதற்குப் பதில் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடி முடிக்குமுன் கோல் விழுந்துவிட்டது.

தோற்றது பெரிதல்ல. நாள்கூலிக்காரர்களில் ஒரு பகுதியைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் இலாகாவுக்கு உத்தரவு வந்திருந்தது. அங்கே போனவர்களிடமிருந்து கடிதம் எதுவும் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மேலதிகாரி, அணியில் ஆடும் பதினைந்து பேரின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் அவர்களை நிரந்தர ஊழியராக வைத்துக்கொள்வதாகக் கேப்டனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பட்டியல் ஜூலை 12, திங்கட்கிழமை காலை அவர் மேசைக்குப் போக வேண்டும். டைப் அடிக்க வேண்டியவன் நான். பதினைந்து பேரில் பதினான்கு பேர் ஏற்கெனவே மாதச் சம்பளக்காரர்கள். பட்டியல் உண்மையில் தேவைப்பட்டது இடது பேக் ஒருவருக்குத்தான்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் என்னிடம் வந்தார். முன்வரிசையில் ஆடுகிறவர், பினாங்குக்காரர் பலரைப் போல பேச்சின் முடிவில் ‘லா’ போடுகிறவர், கோல் போடுவது ஒன்றையே ஆட்டம் என்று நினைப்பவர், கெட்ட மனிதரில்லை.

“அவன் வேணாம் லா. காலு நல்லாத்தான் இருக்கு, தலைதான் இல்லே. கணக்குப் பிரிவுலே ஒரு பையன் குதிரை மாதிரி ஓடுறான், அவனைப் போடுவோம்.”

“பெயரை எடுத்தா அந்த மனுசன் எங்க போவார் எண்டு தெரியுமெல்லோ?” என்றேன்.

“தெரியாம என்ன? அதுக்காக ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நம்ம கோலியை உதைக்கட்டுமா? தோத்துக்கிட்டே இருந்தா ஜப்பான்காரன் மொத்த லிஸ்ட்டையும் கிழிச்சிடுவான்.”

“பிழை அவரில இல்லை. என்னில.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“ஒண்டும் பண்ணேல்லை. அதுதான் பிழை.”

“சரி, ஒரு ஆட்டம். அடுத்த ஞாயிறு புக்கிட் மெர்தாஜாம்காரங்க வர்றாங்க. இடது பக்கமா ஒரு கோல் விழுந்தாலும் பேரை வெட்டிடுங்க. அப்புறம் என்கிட்டே பேசக்கூடாது, சொல்லிட்டேன்.”

செவ்வாய்க்கிழமை மாலை, பயிற்சி முடிந்து, மைதானத்து ஓரத்தில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம்: கோலி, இரண்டு பேக், நான். வலது பேக் எங்கள் ஸ்டோரில் வேலை செய்த தமிழ் முஸ்லிம். காலையில் அண்ணனின் கடையில் சாயா ஆற்றிவிட்டு அப்புறம் வேலைக்கு வருவார். இங்கிலீஷ் கூடாது, தமிழில் நான்கு பேருக்கும் ஒரே பொருள் தரும் சொல் வேண்டும் என்றேன்.

“‘என்ர’ எண்டு கத்துவம்,” என்றார் கோலி.

“எந்திரமா?” என்றார் வலது பேக்.

“‘என்னுது’ன்னு சொல்லலாமே,” என்றார் இடது பேக்.

“‘என்னது’ எண்டு கேட்ட மாதிரியெல்லோ இருக்கு! பந்து வரேக்க நான் நிண்டு பதில் சொல்லவோ?” என்றார் கோலி.

எல்லோரும் சிரித்தார்கள். இடது பேக் மட்டும் சிரிக்கவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: “எனக்கு மூணு பிள்ளைங்க, கிராணி. எந்தச் சொல்லுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. காலு கேக்கும்.”

மலாய்ச் சொல் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சந்தையில் மீன் வாங்கிய நாள் முதல் நால்வருக்கும் தெரிந்த மொழி; ஜப்பான்காரரும் தடுக்கமாட்டார். “‘சாயா’ எண்டு சொல்லுவம். ‘நான்’ எண்டு அர்த்தம். நான் எடுக்கிறன், நீ தள்ளு.”

“சாயாவா?” வலது பேக் கையெடுத்துக் கும்பிட்டார். “அல்லாவே! அதைக் கேட்டா நான் கிளாசைக் கழுவப் போயிடுவேன் லா. காலையிலேருந்து எட்டு மணி வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

கடைசியில் இரண்டு சொற்களில் வந்து நின்றோம். ‘பியார்’ என்றால் மலாயில் இருக்கட்டும், தொடாதே. ‘புவாங்’ என்றால் தூக்கி எறி. இந்த இரண்டிலும் யாருக்கும் வேறு அர்த்தம் கிடையாது. அதற்கு மேல் ஒரு விதியையும் வைத்தேன்: இரண்டையும் நான் மட்டும்தான் சொல்வேன். என் குரல் கேட்கவில்லை என்றால், பந்து எறியப்பட வேண்டியது.

கோலிக்கு அது பிடிக்கவில்லை. “நான் வெளிய வாறனோ இல்லையோ எண்டு எனக்குத்தானே தெரியும்?”

“எனக்கும் தெரியும். உம்மைப் பார்த்துப் பார்த்துத்தான் நிப்பன். நீர் காலைத் தூக்கேக்கையே சொல்லிப்போடுவன்.”

“பிழைச்சுதெண்டா?”

“பிழைச்சா அது என்ர பிழை. இவற்ற இல்லை.”

புதன், வியாழன், வெள்ளி மூன்று மாலையும் பழகினோம். கேப்டன் தூரத்திலிருந்து பந்தை உயர அடிப்பார், நான் கத்துவேன். முதல் நாள் பதினெட்டுப் பந்தில் ஐந்து பிழை. மூன்றாம் நாள் பிழையே இல்லை. பந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதுப் பந்து கிடைக்காது. எங்கள் பந்தின் ஒரு பக்கம் சைக்கிள் டயர் துண்டு வைத்துத் தைத்தது. காற்றில் போகும்போது அந்தப் பக்கமாகச் சாயும். அந்தக் கறுப்புத் துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் அது எங்கே இறங்கும் என்று சொல்ல முடியும். மூன்று நாளில் அதையும் படித்துவிட்டேன்.

இனி அந்த ஞாயிறு. புக்கிட் மெர்தாஜாம் அணி எதிர்க்கரையிலுள்ள பிறை வரை ரயிலிலும் பிறகு படகிலும் வந்து சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பது, இருபது நிமிடம் தாமதம். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ரயில் எஞ்சினுக்கு விறகு தள்ளும் மலாய்க்காரர். என்னைவிட ஒரு சாண் உயரம். தோள் இரண்டும் கதவு மாதிரி. முந்திய ஞாயிறு கதை அவர்கள் காதுக்கும் போயிருந்தது. முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாப் பந்தும் எங்கள் இடது பக்கமாக வரத் தொடங்கியது.

“பியார்!” என்றேன். இடது பேக் ஒதுங்கினார், கோலி பிடித்தார். “புவாங்!” என்றேன். வெறுங்காலில் பட்ட பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. முதல் பாதியில் அப்படி ஒன்பது தடவை. கேப்டனின் ஆட்கள் எதிர்ப்பக்கத்தில் மூன்று நல்ல வாய்ப்பைத் தவறவிட்டார்கள். ஒரு பக்கமும் கோல் இல்லை.

இடைவேளையில் கோலி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “மலாய்ச் சொல்லு அவங்களுக்கும் விளங்குமெல்லோ?”

அதை நான் யோசிக்கவே இல்லை. தமிழும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம் என்று தேடியவன், பினாங்கில் எதிரணிக்கும் தெரிந்த மொழியைப் போய் எடுத்திருக்கிறேன். மாற்ற நேரமில்லை. இரண்டாம் பாதிக்கு விசில் அடித்துவிட்டார்கள்.

பத்து நிமிடம் போயிருக்கும். பந்து இடது பக்கம் உயர எழும்பியது. கறுப்புத் துண்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே சாயும் என்று கண்டேன். இடது பேக் அதற்குக் கீழே வந்து நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து, என் குரல் போலவே குரலை மாற்றிக்கொண்டு, அந்த சென்டர் ஃபார்வர்டு கத்தினார்: “பியார்!”

என் வாய் திறப்பதற்குள் ஆயிரம் யோசனை ஓடிற்று. கோலி கோட்டிலேயே நிற்கிறார். இடது பேக் ஒதுங்கினால் பந்து நேரே அந்த விறகுக்காரரின் காலில் விழும். “புவாங்!” என்று நான் கத்தி முடிப்பதற்குள் பந்து போய்விட்டது. வேலியைத் தாண்டி, சாலையையும் தாண்டி. எடுத்துவர ஆள் போக வேண்டியிருந்தது. இடது பேக் என் குரலுக்குக் காத்திருக்கவே இல்லை.

சென்டர் ஃபார்வர்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “பண்டாய் லா!” என்று இடது பேக்கின் தோளில் தட்டினார். கெட்டிக்காரன் என்று பொருள்.

பந்து திரும்பி வருவதற்குள் கேட்டேன்: “எப்பிடித் தெரிஞ்சது?”

“சொல்லு சரிதான், கிராணி,” என்றார். “கொரலு வேற.”

என் வாழ்க்கையில் பலர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். ஓய்வு பெறும் மேலாளர்கள் கையொப்பமிட்ட நற்சான்றிதழ்கள் அலமாரியில் தேதி வரிசையில் இருக்கின்றன. இந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக எதையும் அங்கே வைக்க முடியவில்லை.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அதே சென்டர் ஃபார்வர்டு எங்கள் வலது பேக்கைத் தாண்டி, பந்தோடு நேரே என்னிடம் வந்தார். அவருக்கும் கோலுக்கும் நடுவில் நான் ஒருவன்தான். பத்து வருடத்துக்கு முந்திய நானாக இருந்தால் விழுந்திருப்பேன். நான் விழவில்லை. பந்தையும் தொடவில்லை. அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தேன். அவர் தம் இடப்பக்கம் திரும்பப் பார்த்தபோது அந்தப் பக்கத்தை அடைத்து, என் இடப்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன். நான்கு அடி, ஐந்து அடி. அந்தப் பக்கம் யார் ஓடி வருகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தாயிற்று; அவர் பார்க்கவில்லை. இடது பேக் பக்கவாட்டில் வந்து பந்தை அவர் காலடியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு போனார். விசில் ஊதியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அன்று நான் தரையில் விழுந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் முதல் பாதியில் கால் வழுக்கி.

கேப்டன் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே வந்தார். “ஒரு கோலும் போடலே. என்ன ஆட்டம் லா இது?”

“ஒரு கோலும் விழேல்லையே,” என்றேன்.

“அதைத்தான் சொல்றேன், மூஞ்சியைப் பாரு, கப்பு வாங்கின மாதிரி!” என்று என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார். பிறகு மேலதிகாரியின் காலியான நாற்காலியைப் பார்த்தார். மேலதிகாரி கடைசி வரை இருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். “போய் லிஸ்ட்டை அடிங்க. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்.”

இடது பேக் கொஞ்சம் தள்ளி, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கேப்டன் சொன்னது அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் வெகுநேரம் கழுவினார்.

இந்தப் பெருமைக்கு நடுவில் ஒன்றை எழுதாமல் விடுவது ஒழுங்கல்ல. அந்த மாதக் கடைசியில் எங்கள் இலாகாவிலிருந்து சயாம் வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போயின. போனவர்களுக்குக் கால்பந்து தெரியாது, அல்லது அணியில் இடமில்லை. அவர்களுடைய பெயர்களை டைப் அடித்ததும் நான்தான். அந்தப் பட்டியலை வைத்து ஓர் ஆட்டம் ஆட எனக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து, குளித்து, நாட்குறிப்பில் மைதானம், நேரம், கோல் எண்ணிக்கை, விழுந்த தடவை, இடது பேக் சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதினேன். ஒன்பதரைக்குப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 12, திங்கட்கிழமை. அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும். காவல்காரரிடம் சொல்லி எட்டேகாலுக்கே உள்ளே போனேன். வேறு எந்தத் தாளையும் தொடுமுன் டைப்ரைட்டரில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, அணியின் பெயர்களை ஆட்ட வரிசைப்படி அடித்தேன்: கோலி, வலது பேக், என் பெயர், நான்காவதாக இடது பேக்கின் முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. எழுத்தெழுத்தாக இரண்டு தடவை சரிபார்த்தேன். மேலதிகாரி வருமுன் அதை அவர் மேசையின் நடுவில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அவருடைய முத்திரைக் கட்டையை மேலே வைத்துவிட்டு வந்தேன்.